உங்கள் இலையில் வைக்காத சிகரெட்

பல்கனிக் கதவைச் சாத்த ஒருநாளும் நினைவில்லாத என் பெரியண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம், உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. ஐயர் சனிக்கிழமை இங்கே கூர் நகரத்துக்கு வந்து, செய்யவேண்டியதை எல்லாம் குறைவில்லாமல் செய்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வைத்த வீட்டுப் படையல். தமிழ்க் கடையில் சொல்லிவைத்து எடுத்த நண்டு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, உளுந்து வடை என்று அண்ணி காலையிலிருந்து அடுப்பை அணையவே விடவில்லை. கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா வாசம் பிடித்து மேலே வந்து, என்ன விசேஷம் என்று கேட்டார். இறந்துபோன அண்ணனுக்குச் சாப்பாடு என்றேன். அவர் நன்றாகச் சாப்பிடுகிறவர் போல என்றார். ஓம் என்றேன், வேறு என்ன சொல்ல?

இலையில் எல்லாம் இருந்தது, அண்ணா. சிகரெட் மட்டும் இல்லை. வேறு யாராவது உங்களிடம் கோள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே வைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் பார்க்க எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். உங்களைப் போலவே ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் வேப் என்கிற மின்சிகரெட்டுமாகத் திரிகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

நீங்கள் வேப் வாங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? சிகரெட்டை விடப்போகிறேன் என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் காட்டினீர்கள். திரவம் ஊற்றி நிரப்புகிற வகை, கறுப்பு நிறம். புதினா வாசம் வந்தது. அண்ணிக்கு அன்று இருந்த சந்தோசத்தில் கேசரி கிண்டினார். ஒரு மனிதன் சிகரெட்டை விடப்போகிறேன் என்று சொன்னதற்கே இனிப்புக் கிண்டிய வீடு நம்முடையது.

பிறகு நடந்தது என்ன? எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் நீங்கள் வேலை செய்த ஹோட்டலின் குசினிப் பின்கதவில் சிகரெட் பழையபடி நடந்தது. சிகரெட் பத்த முடியாத இடங்களில் எல்லாம் வேப் வந்து சேர்ந்தது. வேலையாட்களின் அறையில், சோபாவில், ஏன், நீங்கள் வீட்டுக்கு வந்துபோகிற அந்தச் சிவப்பு ரயிலின் கழிவறையில் கூட. முன்பு ரயிலில் இருக்கும் நேரமாவது உங்கள் நெஞ்சுக்கு ஒரு ஓய்வு கிடைத்தது. வேப் வந்த பிறகு அதுவும் இல்லாமல் போனது.

எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நல்லாக் குறைச்சிட்டன் பிள்ளை. முந்தின மாதிரி இல்லை."

நீங்கள் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். உண்மையிலேயே குறைத்திருந்தீர்கள். அந்தக் குறைத்தலில் நீங்களும் நிம்மதியாக இருந்தீர்கள், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். உங்கள் இருதயத்திடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு வர நின்ற காலையில் அது நின்றது. பிளாட்பாரத்தின் கடைசியில், புகைப்பதற்கென்று கோடு போட்டுவிட்ட மூலையில், நீங்கள் விழுந்துகிடந்தீர்களாம். ரயில் கழிவறையில் சட்டம் மீறிய நீங்கள், கடைசியில் அந்தக் கோட்டுக்குள்ளேயே விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் சாமான்களை உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். கலியாண மோதிரம், ரயில் அரைக்கட்டண அட்டை, பாதிச் சிகரெட் பெட்டி, வேப். வேப்பில் திரவம் அரைவாசி இருந்தது. அண்ணி மோதிரத்தைப் பார்த்து அழவில்லை. அந்த வேப்பைப் பார்த்துத்தான் அழுதார்.

எட்டுச் செலவன்று என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் வழக்கம்தானே. இறந்தவருக்கு எதெது விருப்பமோ அதையெல்லாம் எட்டாம் நாள் இலையில் வைப்பது. குடிக்கிறவருக்குக் குடி, புகைக்கிறவருக்குப் புகை. உங்களுக்குச் சிகரெட் பெட்டியும், பக்கத்தில் வேப்பும் வைத்தார்கள். பெட்டியைச் சும்மா வைத்தால் போதாது, ஒன்றைப் பற்றவைத்து இலையோரம் வைக்கவேண்டும் என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். யார் பற்றவைப்பது? கூடப்பிறந்த ஆண் சின்னண்ணாதான்.

அவன் சிகரெட்டை விட்டு அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தது. அது உங்களுக்கும் தெரியும், நீங்களே அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள். சபையில் அத்தனை பேர் கைகட்டி நிற்க, நான் விட்டுவிட்டேன், என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வான்? வாயில் வைத்து, இழுத்து, பற்றவைத்து, உங்கள் இலையோரம் வைத்தான். இருமினான். அழுதான். அழுகைக்கு நடுவிலேயே பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனான். அவனை யாரும் தடுக்கவில்லை. அன்றைக்கு அவனைத் தடுக்க யாருக்கு மனம் வரும்?

சாப்பாடு ஆட்களின் வயிற்றுக்குப் போனது. வேப்பை என்ன செய்வது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. வேப்பைப் படைத்த பிறகு என்ன செய்யவேண்டும் என்று எந்தப் பெரியவரைக் கேட்பது? கடைசியில் அண்ணி அதை எடுத்துச் சின்னண்ணாவின் கையில் வைத்தார்.

"நீயே வைச்சிரு தம்பி. அவரின்ரை ஞாபகமா இருக்கட்டும்."

இப்படித்தான், அண்ணா, உங்கள் இரண்டு பழக்கத்தையும் ஒரே நாளில் அவன் உரிமையோடு வாங்கிக்கொண்டு போனான்.

அவனை உங்களுக்குத் தெரியும். கலியாணம் கட்டவில்லை, உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டு, இரண்டு இடத்திலும் உப்புக் குறைவு என்று சொல்கிறவன். இப்போதும் அந்தச் சலவை நிலையத்தில்தான் வேலை. ஹோட்டல்களின் துணி மூட்டைகளை ஏற்றி இறக்குகிறான். வேனை ஓட்டும்போது உங்கள் வேப், நிறுத்தினால் சிகரெட். உங்கள் அதே கணக்கு. நான் வாய் திறந்தால் உங்கள் அதே பதில். "குறைச்சிட்டன்" என்ற சொல்லை எனக்கு இப்போது கேட்கவே முடியாது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் ஒருநாள் லிப்ட் வேலை செய்யாமல் மூட்டையோடு படியேறியவன் நடுவில் குந்திவிட்டான். நெஞ்சை அடைத்தது என்றான். டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று சுருங்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் சிகரெட்டோடு காலம் இல்லை என்றார். உங்கள் கதையையும் கேட்டுக்கொண்டார். புகைப்பதை விட உதவுகிற ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். தன்னுடைய டொச், ஜேர்மன் பாஷை, ஆஸ்பத்திரிக்குக் காணாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய டொச் என்னுடையதை விட நல்லது. தனியாகப் போகப் பயம், அவ்வளவுதான்.

நான் அங்கே போனது, அந்த ஆலோசகப் பெண் அவனை நன்றாக ஏசவேண்டும் என்ற ஆசையில்தான். அவர் ஒரு சொல் ஏசவில்லை. பொக்கெற்றில் இருப்பதை மேசையில் வைக்கச் சொன்னார். பெட்டியும் வேப்பும் வந்தன. இரண்டில் எதை விடுவதற்கு உங்களுக்குக் கூடுதல் பயம் என்று கேட்டார். அவன் யோசிக்காமல் வேப்பைத் தொட்டான். எனக்குப் புரியவில்லை. ஆசைக்கு அவன் தேடுவது சிகரெட்டைத்தானே?

"அது அண்ணையின்ரை," என்றான் தமிழில். பிறகு என்னைப் பார்த்து, "நீயே சொல்லு அவவுக்கு. எனக்கு வருகுதில்லை."

இது இறந்துபோன எங்கள் அண்ணனுடையது என்று நான் டொச்சில் சொன்னேன்.

அந்தப் பெண் அந்தக் கறுப்புச் சாமானை அவன் பக்கமாகத் தள்ளிவைத்தார். பிறகு, அப்படியென்றால் இப்போதைக்கு அதை வைத்திருங்கள், சிகரெட் முதலில் போகட்டும் என்றார். நான் குறுக்கே விழுந்தேன். இரண்டும் விஷம்தானே, இரண்டையும் ஒரே நாளில் குப்பையில் போடச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிக்காமல் விளங்கப்படுத்தினார். வேப் நல்லது என்று நான் சொல்லவில்லை, அதற்கும் ஒருநாள் வரும். ஆனால் இவரை அவசரமாகக் கொல்லக்கூடியது எரிகிற புகை. சிகரெட்டைப் பாதியாகக் குறைத்தால் ஆபத்தும் பாதியாகும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். இருதயம் அப்படிக் கணக்குப் பார்க்காது. கொஞ்சச் சிகரெட்டும் அதற்குப் பெரிய கேடுதான்.

பிறகு அவனைப் பார்த்து ஒன்று கேட்டார். நீங்கள் வேப் இழுப்பது சிகரெட்டுக்குப் பதிலாகவா, இரண்டு சிகரெட்டுக்கு இடையிலா?

நான் உங்களை நினைத்தேன், அண்ணா. ரயில் கழிவறை, சோபா, வேலையாட்களின் அறை. எல்லாமே இடையில்தானே? இந்த ஒரு கேள்வியை உங்களிடம் கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையே. குறைத்தீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

காலையில் எழுந்ததும் தோலில் ஒட்ட ஒரு நிக்கோட்டின் பிளாஸ்டர் தந்தார். அதுவே அன்றைய ஆசையில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். அதையும் மீறிச் சிகரெட் கேட்டால், அந்த இடத்தில் வேப். இடையில் இல்லை, பதிலாக மட்டும். எந்த நாள் உங்களுக்கு மிகவும் கஷ்டமான நாள் என்று கடைசியாகக் கேட்டார். வேலை கூடின நாள், குளிர் நாள் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"அண்ணையின்ரை ஆட்டைத் திவசம்," என்றான். "அண்டைக்கு நான் திரும்பப் பத்த வைக்க வேணும்."



அவன் சிகரெட்டை விட்டான், அண்ணா. இடையில் ஒருதரம் சறுக்கினான். சலவை நிலையத்தின் பின்னால் நின்று அழாக்குறையாக எனக்கு டெலிபோன் எடுத்தான். எல்லாம் போச்சு, இனி விட்டென்ன விடாமலென்ன என்றான். நான் திட்டத் தொடங்குமுன் நல்லவேளையாக அந்தப் பெண் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. திட்டாதீர்கள், அன்று என்ன வித்தியாசமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள் என்றிருந்தார். கேட்டேன். காலையில் பிளாஸ்டர் ஒட்ட மறந்திருக்கிறான், வேப்பில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இப்போது பிளாஸ்டர் பல் தீட்டும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேனில் ஒரு சார்ஜர் இருக்கிறது. திட்டாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

திவசம் கிட்டக் கிட்ட எனக்குப் பயம் பிடித்தது. அண்ணியிடம் போய், இந்த முறை சிகரெட் வைக்கவேண்டாம் என்றேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செத்த மனிசனுக்கு ஒரு சிகரெட் குடுக்கிறதுக்கும் டொக்டரிட்டை அனுமதி வாங்க வேணுமோ?"

"அண்ணி, சின்னண்ணாவை நினைச்சுப் பாருங்கோ."

"நான் ஆரை நினைக்கிறது எண்டு நீ சொல்லித் தர வேண்டாம். உயிரோடை இருக்கேக்கை இந்த மனிசனை நான் சிகரெட்டுக்காக ஏசாத நாளில்லை. செத்த பிறகாவது நிம்மதியாப் பத்தட்டும்."

உங்களுக்கென்று அவர் ஏற்கெனவே ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். கியோஸ்க்கில் பெயர் சொல்லத் தெரியாமல், நிறத்தைச் சொல்லி, பெட்டியில் இருந்த கோட்டைச் சொல்லி வாங்கியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவரோடு சண்டை பிடிக்க வாய் வரவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சிகரெட் இலையில் இருக்கும், ஆனால் பற்றவைப்பது சின்னண்ணா இல்லை, நான். பெண்கள் பற்றவைத்தால் என்ன, சாமி கோபிக்குமா, நீங்கள் கோபிப்பீர்களா?

ஞாயிறன்று உங்கள் படத்துக்கு முன்னால் இலை விரித்து, எல்லாம் படைத்தோம். சின்னண்ணா எனக்குப் பின்னால் சுவரோடு நின்றான். நான் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் குத்துவிளக்குச் சுடரில் பிடித்தேன். நுனி கருகியது, அணைந்தது. திரும்பவும் பிடித்தேன், திரும்பவும் அணைந்தது. விரல் சுட்டதுதான் மிச்சம். வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக் கையில் பிடித்திராதவளுக்கு என்ன தெரியும்?

பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. மிக மெல்லிய குரல்.

"இழுத்தால்தான் பத்தும் வதனி. தா."

திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, உங்கள் படத்தையும் பார்க்கவில்லை, சிகரெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொடுக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் நின்றேன். சத்தியமாக எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அண்ணா.

அண்ணி அவனுடைய கையைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் இலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர், எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, என் விரலில் இருந்த சிகரெட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். உங்கள் படத்தைப் பார்த்துத்தான் கதைத்தார். நீங்கள் வேலை முடிந்து வந்து சோபாவில் இருக்கும்போது கதைக்கிற அதே குரல்.

"குறைச்சிட்டன் குறைச்சிட்டன் எண்டு எனக்கு எத்தினை தரம் சொன்னியள்? நானும் நம்பினன். இண்டைக்கு நான் குறைக்கிறன். உங்கடை தம்பி எனக்கு வேணும்."

குசினிக்குப் போனார். அரிசி கழுவிய தண்ணீர் சட்டியில் இருந்தது. பெட்டியோடு அதற்குள் அமுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கற்பூரத்தைக் கொளுத்தினார்.

சின்னண்ணா அப்படியே சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். அழுதான். எட்டுச் செலவன்று அழுததைப் போல இல்லை, சத்தம் போட்டு அழுதான். அண்ணி அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தேறியதும் பொக்கெற்றில் இருந்து உங்கள் வேப்பை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, இலையில் சிகரெட்டுக்கென்று விட்டிருந்த இடத்தில் வைத்தான்.

ஆகா, அதையும் விட்டுவிட்டான் என்று எனக்குப் புல்லரித்துப் போனது. கதையென்றால் அப்படித்தானே முடியவேண்டும். கற்பூரம் அணைந்தது, எல்லோரும் கும்பிட்டு எழுந்தோம். அவன் குனிந்து அதைத் திரும்ப எடுத்துப் பொக்கெற்றில் போட்டான்.

"கோவிக்காதையுங்கோ அண்ணை," என்றான் உங்கள் படத்தைப் பார்த்து. "இது எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

முதலில் சிரித்தது அண்ணிதான். நீங்கள் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். பிறகு சாப்பிட்டோம். கத்தரிக்காயில் உப்புக் குறைவு என்றான் அவன். நானும் அண்ணியுமாகச் சேர்ந்து அவனை ஏசினோம்.

அவனிடம் சிகரெட் இப்போது இல்லை. ஆசை இருக்கிறது, அதை அவன் மறைப்பதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் பல்கனிக்குப் போய் வெறுங்கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் நிற்கிறேன், வேறு பெரிய உதவி ஒன்றும் எனக்குச் செய்யத் தெரியாது. வேப்பைச் சும்மா சும்மா எடுப்பது குறைந்திருக்கிறது என்று சொல்ல வந்தேன், அந்தச் சொல்லை நான் இனிச் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணிடம் அடுத்த தடவை போகும்போது திரவத்தில் நிக்கோட்டின் அளவை இறக்குவதைப் பற்றிக் கதைக்கப்போகிறோம். அதுவும் போகும், மெதுவாகப் போகும்.

உங்களுக்குக் கோபமா, அண்ணா? ஒரு சிகரெட்டைக்கூடத் தரவில்லையே என்று அங்கே யாரிடமாவது குறைப்படுகிறீர்களா? குறைப்படுங்கள். கனவில் வந்து என்னை ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வரும்போது பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், குளிர் வருகிறது.

நான் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அடுத்த வருஷமும் உங்கள் இலையில் நண்டு இருக்கும், சிகரெட் இருக்காது. வேப் அவனுக்குத் தேவையில்லாமல் போகிற வருஷம், அதைத் துடைத்து உங்கள் இலையில் நானே வைப்பேன், அன்று அதை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். இப்படி ஒரு கடிதத்தை உங்களுக்கு எழுதிவிட்டேன். சின்னண்ணாவுக்கு எழுதமாட்டேன். அவனோடு எனக்குச் சண்டை பிடிக்க வேண்டும், உப்புக் குறைவு என்று அவன் சொல்லி நான் கேட்கவேண்டும். அவனை உங்களிடம் இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை.

இருக்கிற ஓர் அண்ணனைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கச்சி,
வதனி